‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? டர்பனுக்கு வந்த தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஆங்கிலம் அறியாதவர்கள் இல்லை. குருக்கள், தவில் வாசிப்பவர், சமையல்காரர், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர் என்று எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் ‘ரன் என்றால் ஓடு’ என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே வந்து இறங்கினால் கடையில், பஸ்ஸில், டாக்டரிடம், கோயில் கமிட்டியில், எங்கு திரும்பினாலும் ‘ரன்’. ஓடுகிறவர் மட்டும் யாரும் இல்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலம்தான் புழங்குகிறது. பெயர் கோவிந்தம்மாவாக இருக்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அதனால் இந்த ஒரு சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு சின்னச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கும்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கில், வினைச்சொல்லாக மட்டும் 645. 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு இருந்தது. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி எழுத ஆரம்பித்ததும் 2000-இல் ‘மேக்’ அதை முந்தியது. 2007-இல் ‘புட்’. 2011-இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. இந்த ஒரு வினையை ஒழுங்குபடுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாதம் உட்கார்ந்தாராம்.

எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதில் நிறைய வழக்கொழிந்தவை, கப்பல்காரர்களுக்கும் தொழிற்சாலைக்காரர்களுக்கும் மட்டும் வேண்டியவை. ஆலை, ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் என்று புதிது புதிதாக வந்தவை இயங்குவதையெல்லாம் சொல்ல ஆங்கிலம் இந்த வினையையே இழுத்துப் போட்டுக்கொண்டதால் பதிவு நீண்டுகொண்டே போனது. டர்பனில் குடித்தனம் நடத்தத் தேவையானவை இருபது முப்பதுக்குள் அடங்கிவிடும். அதிலும் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழ் வழியாக.

தமிழ் வழியாகவா? எப்படி?

நம் ‘ஓடு’ சாதாரண ஆள் இல்லை. பஸ் ஓடுகிறது, மிஷின் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது, மனதில் ஒரு எண்ணம் ஓடுகிறது, சுவரில் ஒரு விரிசல் மேலிருந்து கீழே ஓடுகிறது. இத்தனையிலும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். புதுத் தேருக்கு ஊரில் வெள்ளோட்டம் விடுவோமே, அது ஆங்கிலத்தில் ‘ட்ரையல் ரன்’. அங்கேயும் ஓட்டம்தான்.

‘ஓடு’ கைவிடும் இடங்கள்தான் சிக்கல். ஒன்று, ஆங்கிலம் ஓடும்போது தமிழ் நடக்கும்: கடையை நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’. இன்னொன்று, தமிழில் வேறு வினை வரும் இடங்கள்: மூக்கு ஒழுகுகிறது, சாயம் இறங்குகிறது, பால் தீர்ந்துபோகிறது, விசா முடிகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும். மூன்றாவது இதற்கு நேர்மாறு: தமிழில் ‘ஓட்டு’ என்போம், ஆங்கிலத்தில் ‘ரன்’ வராது. கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் வந்து விழும்.

வேலை விளம்பரத்தில் ‘மஸ்ட் பி ஏபிள் டு ரன் எ கிச்சன்’ என்று போட்டிருக்கிறது. நான் பதினைந்து பேருக்கு நடுவே ஒரு சமையல்காரராக இருந்தவன். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்கள் கேட்பது என்ன என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ‘வர்க் இன் எ கிச்சன்’ என்றால் அடுக்களையில் வேலை பார்ப்பது. ‘ரன் எ கிச்சன்’ என்றால் அடுக்களையே உங்கள் பொறுப்பு. காய்கறி, இறைச்சி எவ்வளவு வாங்குவது, யாருக்கு எந்த வேலை, யாருக்கு எப்போது லீவு, கேஸ் தீரும் முன் சிலிண்டர் சொல்லிவைப்பது, கணக்கு ஒப்பிப்பது, எல்லாம் சேர்த்து. இந்தப் பொருளில் ‘ரன்’ என்பதும் நம் ‘நடத்து’ என்பதும் அச்சு அசலாக ஒன்று. ஓட்டல் நடத்துகிறார், பண்ணை நடத்துகிறார், பஸ் கம்பெனி நடத்துகிறார். எல்லாம் ‘ரன்ஸ்’.

நேர்முகத் தேர்வில் ‘ஐ ரேன் த கிச்சன்’ என்று நீங்கள் சொன்னால் தலைமைச் சமையல்காரர் நானே என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த கேள்வி ஆட்களையும் கணக்கையும் பற்றி வரும். உதவிச் சமையல்காரராக இருந்தால் ‘ஐ ஹெல்ப்ட் ரன் த கிச்சன்’ என்பது நேர்மையாகவும் இருக்கும், மதிப்பாகவும் இருக்கும். பிரியாணி அடுப்பு மட்டும் உங்கள் கையில் இருந்ததென்றால் ‘ஐ ரேன் த பிரியாணி செக்ஷன்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

கொஞ்சம் கேலியாக ஒன்றும் உண்டு. கமிட்டியில் பதவியில்லாத ஒருவர் எல்லாவற்றையும் ஆட்டிவைத்தால் ‘ஹி ரன்ஸ் த ஷோ’ என்பார்கள். அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டாம்.

‘ஐ கேன் ரன் எ கார்’ என்றேன். எதிரே இருந்தவர் சிரித்தார். ஏன்?

‘கார் ஓட்டு’ என்பதை அப்படியே கொண்டுபோனதால். ஓட்டுவது ‘டிரைவ்’. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ‘ரைட்’, படகு ‘ரோ’, விமானம் ‘ஃப்ளை’. தமிழில் ஒரே ‘ஓட்டு’, ஆங்கிலத்தில் நாலு துண்டு. ‘ரன் எ கார்’ என்றும் ஆங்கிலத்தில் உண்டுதான், பொருள் வேறு: ஒரு காரை வைத்துக் கட்டுப்படியாவது. பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கொடுத்து. ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்றால் ‘கார் வைத்துச் சமாளிக்க என்னால் முடியாது’. வண்டி எதில் ஓடுகிறது என்பதற்கு ‘ரன்ஸ் ஆன் டீசல்’. எதிலிருந்து கரன்ட் எடுக்கிறது என்பதற்கு ‘ரன்ஸ் ஆஃப் த இன்வர்ட்டர்’ (இந்த ‘ஆஃப்’புக்கு இரண்டு ‘எஃப்’). முறைவைத்துக் கரன்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் காலத்தில் இந்த இரண்டாவதைக் கற்றுக்கொள்ளாமல் யாரும் தப்பியிருக்க முடியாது. ஃப்ரிட்ஜ் இன்வர்ட்டரில் ஓடுமா, கெட்டிலும் ஓடுமா என்பதுதான் அப்போது பக்கத்து வீட்டாரோடு பேச்சே.

கிளினிக்கில் நர்ஸ் கேட்ட கேள்வியில் மூன்று ‘ரன்’ வந்தது. ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மற்ற இடத்தில் புரியாமல் போனால் போகட்டும், இங்கே தலையாட்டக் கூடாது. அநேகமாக அவர் கேட்டது இவையாகத்தான் இருக்கும்.

‘இஸ் யுவர் நோஸ் ரன்னிங்?’ மூக்கு ஒழுகுகிறதா? ஜலதோஷம், அவ்வளவுதான்.

‘ஆர் யு ரன்னிங் எ டெம்பரச்சர்?’ காய்ச்சல் அடிக்கிறதா? உடல் சூடு ஏறியிருக்கிறதா என்று பொருள். ‘எ’ விட்டுப்போனாலும் புரிந்துகொள்வார்கள், போட்டுப் பழகுவது நல்லது.

‘டஸ் ஷுகர் ரன் இன் த ஃபேமிலி?’ இதுதான் முக்கியமானது. குடும்பத்தில் வழிவழியாகச் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்கிறார். இங்குள்ள இந்தியர்கள் நீரிழிவை நம்மைப் போலவே ‘ஷுகர்’ என்றே சொல்கிறார்கள், அதனால் அந்தச் சொல் புதிதாகத் தெரியாது. சமையலறையில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதாக எண்ணி ‘எஸ், ப்ளென்ட்டி’ என்று சொல்லிவிடாதீர்கள். அம்மாவுக்கு உண்டு, அப்பாவுக்கு உண்டு என்று ஆளைச் சொல்லிப் பதில் தருவது நல்லது. டாக்டருக்கு வேண்டியது அதுதான்.

நாலாவதாக ஒன்றும் இருக்கிறது. வயிற்றால் போகிறது என்பதை இங்கே ‘ரன்னி டம்மி’ அல்லது ‘ரன்னிங் ஸ்டமக்’ என்பார்கள். நண்பர்களுக்குள் ‘த ரன்ஸ்’. மூன்றாவதை டாக்டரிடம் சொன்னாலும் தப்பில்லை, மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

உடம்பு அசதியாக, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் ‘ஐ ஃபீல் ரன் டவுன்’. நோய் என்று பெயர் சொல்லத் தெரியாத அலுப்புக்கு இது நல்ல சொல்.

கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ தெரியும். கடையில் ‘வீ ரேன் அவுட்’ என்கிறார்களே?

இரண்டும் ஒரே எழுத்துகள், வேறு வேறு சங்கதி.

கடையில் ‘வீ ரேன் அவுட் ஆஃப் பிரெட்’ என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது. பன்னி சௌ விற்கிற கடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் இது காதில் விழும். ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தருகிற தொழில், ரொட்டி இல்லாமல் என்ன செய்வார்கள்? கவனிக்க வேண்டியது, தமிழில் ரொட்டி தீர்கிறது. ஆங்கிலத்தில் ‘த பிரெட் ரேன் அவுட்’ என்று ரொட்டியையும் சொல்லலாம், ‘வீ ரேன் அவுட் ஆஃப் பிரெட்’ என்று நம்மையும் சொல்லலாம். நம்மைச் சொன்னால் ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும். ‘வீ ஆர் ரன் அவுட்’ என்று சொன்னால் எல்லோரும் ஸ்டம்பை விட்டு வெளியேறிய மாதிரி ஆகிவிடும். டர்பன் கடைக்காரர் பலர் ‘பிரெட் இஸ் ஃபினிஷ்ட்’ என்றுதான் சொல்வார். அதுவும் சரிதான், எல்லோருக்கும் புரியும்.

கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ செயப்பாட்டு வினை. 1999 ஜூன் 17, உலகக் கோப்பை அரையிறுதி, எட்ஜ்பாஸ்டன் மைதானம். இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் அந்தத் தேதியைச் சொன்னாலே முகம் சுருங்கும். ஆஸ்திரேலியா 213. தென்னாப்பிரிக்காவும் 213. ஒரு ரன் எடுத்தால் ஃபைனல், கையில் மூன்று பந்து. டர்பன்காரர் லான்ஸ் க்ளூஸ்னர் அடித்துவிட்டு ஓடினார். எதிர்முனையில் ஆலன் டொனால்ட் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மட்டையையும் நழுவவிட்டார். ஆட்டம் சமன், ஆஸ்திரேலியா ஃபைனலுக்குப் போனது.

இதை வைத்தே இலக்கணத்தைப் பார்த்துவிடலாம். ‘க்ளூஸ்னர் ரேன்’: ஓடினார். ‘டொனால்ட் டிட் நாட் ரன்’: ஓடவில்லை. ஓடாததால்தான் ‘டொனால்ட் வாஸ் ரன் அவுட்’. ‘ஆஸ்திரேலியா ரேன் ஹிம் அவுட்’ என்று ஆட்டமிழக்கச் செய்தவர் பக்கமிருந்தும் சொல்லலாம். ‘டொனால்ட் ரேன் அவுட்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் அவர் மைதானத்தை விட்டு வெளியே ஓடினார் என்றாகும். அந்த நிமிஷம் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம், அது வேறு.

‘அம்லா 311 ரன் ஓடினார்’ என்பதை எப்படிச் சொல்வது?

தமிழிலேயே அப்படிச் சொல்ல மாட்டோமே, ‘எடுத்தார்’, ‘அடித்தார்’ என்போம். ஆங்கிலத்தில் ‘ஸ்கோர்ட்’ அல்லது ‘மேட்’. டர்பனில் பிறந்த ஹஷிம் அம்லா 2012-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 எடுத்தார். டெஸ்ட் போட்டியில் முச்சதம் அடித்த முதல் தென்னாப்பிரிக்கர் அவர்தான். அந்த 311-இல் பவுண்டரிக்குப் போனதை யாரும் ஓடவில்லை. ‘தே ரேன் த்ரீ’ என்றால் நிஜமாகவே மூன்று முறை ஓடி எடுத்தார்கள் என்று பொருள்.

‘ஆர் யு ரன்னிங் காம்ரேட்ஸ்?’ என்று ஆபீஸில் எல்லோரையும் கேட்கிறார்கள். ஏதாவது கட்சியா?

கட்சி இல்லை, இங்கேதான் ‘ரன்’ நிஜமாகவே ஓடுகிறது. காம்ரேட்ஸ் மாரத்தான் என்பது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டம். முதல் உலகப் போரில் உயிரிழந்த வீரர்கள் நினைவாக விக் கிளாப்பம் என்ற முன்னாள் படைவீரர் தொடங்கியது. முதல் ஓட்டம் 1921 மே 24. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு வினாடி பிந்தினாலும் கணக்கில் இல்லை.

டர்பனிலிருந்து மலையேறிப் போகும் வருஷம் ‘அப் ரன்’, அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கி வரும் வருஷம் ‘டவுன் ரன்’. வழக்கமாக மாறி மாறி வரும். இறங்குவதுதானே சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். தொடையும் முழங்காலும் படும் பாட்டை ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மொழி விஷயம் ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் ஓடுவதைச் சொல்லும்போது நமக்கு ‘இல்’ வேண்டும், ஆங்கிலத்தில் ‘இன்’ இல்லாமலே வரும். ‘ஐ ரேன் காம்ரேட்ஸ்’ என்றால் முழுதும் ஓடி முடித்தேன் என்ற தொனி இருக்கிறது. ‘ஐ ரேன் இன் காம்ரேட்ஸ்’ என்றால் கலந்துகொண்டேன், அவ்வளவே. பாதி வழியில் இன்சாங்கா மேட்டில் உட்கார்ந்துவிட்டவர் இரண்டாவதைச் சொல்லித் தப்பிக்கலாம்.

லாண்டரியில் கொடுத்த வேட்டி ரோஸ் கலராக வந்தது. ‘த கலர் ஃபேடட்’ என்றேன். ‘இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது’ என்கிறார் அந்த அம்மா.

அவர் சிவப்புத் துண்டைப் பார்த்துச் சொல்லியிருப்பார், நீங்கள் வேட்டியைக் காட்டியிருப்பீர்கள். தமிழில் ‘சாயம் போய்விட்டது’ என்றால் இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். வெயிலில் காய்ந்து வெளுத்தாலும் சாயம் போயிற்று, தண்ணீரில் இறங்கி அடுத்த துணியில் ஒட்டினாலும் சாயம் போயிற்று. ஆங்கிலத்தில் இரண்டையும் பிரித்துவிடுவார்கள். வெளுத்தது ‘ஃபேடட்’. இறங்கி ஒட்டியது ‘ரேன்’. ஆகவே ‘த ரெட் ரேன் இன்டு மை ஒயிட் வேட்டி’ என்று சொல்ல வேண்டும். ‘வேட்டி’ அவர்களுக்கும் தெரிந்த சொல்தான், தைப்பூசக் காவடிக்கு வருஷா வருஷம் கட்டுகிறார்கள். அப்புறம், புதுச் சிவப்புத் துண்டை வெள்ளையோடு சேர்த்துப் போட்டது யார் என்பதை நீங்களும் அவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் காலுறையில் இழை பிரிந்து கோடு விழுந்தால் அதுவும் ‘ரன்’ தான்.

பஸ் ‘ரன்ஸ்’ என்பதா, ‘இஸ் ரன்னிங்’ என்பதா?

‘ஓடுது’ என்று நாம் இரண்டுக்கும் சொல்லிவிடுவோம். தினசரி வழக்கம் என்றால் ‘ரன்ஸ்’: ‘த பஸ் ரன்ஸ் எவ்ரி ஹாஃப் அவர்’. இன்றைக்கு ஓடுகிறதா என்றால் ‘இஸ் ரன்னிங்’. டாக்சி ஸ்ட்ரைக் நாளில் ‘ஆர் த டாக்சீஸ் ரன்னிங்?’ என்று கேட்க வேண்டும். இங்கே டாக்சி என்றால் பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன் என்பதை இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

சாலை நகராதது. அதனால் எப்போதும் ‘ரன்ஸ்’. ‘த என் த்ரீ ரன்ஸ் ஃப்ரம் டர்பன் டு ஜோஹனஸ்பர்க்.’

‘ஐ அம் ரன்னிங் லேட்’ என்பது ‘நேரமாகிவிட்டது, வந்துகொண்டே இருக்கிறேன்’. சொன்னவர் இன்னும் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கலாம். அதோடு ‘ஜஸ்ட் நவ்’ என்றும் சேர்த்துச் சொன்னால் நிதானமாக ஒரு டீ குடியுங்கள். இந்த நாட்டில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் கணக்கு.

கமிட்டித் தலைவர் ‘ரன் இட் பை மி ஃபர்ஸ்ட்’ என்றார். என்ன ஓட்ட வேண்டும்?

ஒன்றும் ஓட்ட வேண்டாம். ‘முதலில் என் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்’ என்கிறார். நம் வழக்கு அப்படியே பொருந்துகிறது. அனுமதி கேட்பதைவிடக் கொஞ்சம் இளகியது, தகவல் சொல்வதைவிடக் கொஞ்சம் இறுகியது. திருவிழாவுக்குக் கூடுதலாக ஒரு நாதஸ்வரக்காரரை அழைப்பதென்றால், பூவுக்கு வேறு கடையில் சொல்வதென்றால், செய்துவிட்டு அறிவிக்காமல் அவரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். ‘ஐ ரேன் இட் பை த சேர்மன்’ என்று பிறகு சொன்னால் உங்களுக்கும் பாதுகாப்பு. கோயில் வேலைக்கு வந்தவர்கள் ‘ரன்’ வரும் தொடர்களில் ஒன்றே ஒன்றைக் கற்பதென்றால் இதைத்தான் சொல்வேன்.

பின்னால் ஒட்டும் குட்டிச் சொல் மாறினால் கதையே மாறிவிடும். ‘ரன் த்ரூ’ என்றால் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்ப்பது, ஒத்திகை. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது. ‘ஐ ரேன் இன்டு ஆன்ட்டி அட் த டெம்பிள்’ என்றால் கோயிலில் ஆன்ட்டியைப் பார்த்தேன். ‘ஐ ரேன் இன்டு ஆன்ட்டீஸ் கார்’ என்றால் அவர் காரில் மோதிவிட்டேன். ‘ரன் ஓவர்’ ஆள்மேல் வந்தால் வண்டி ஏற்றிவிட்டது, கூட்டத்தின்மேல் வந்தால் சொன்ன நேரத்தைத் தாண்டிவிட்டது. கமிட்டிக் கூட்டங்களில் இரண்டாவது சர்வ சாதாரணம். ‘ரன் டவுன்’ ஒருவரை மட்டந்தட்டிப் பேசுவதற்கும் வரும். ‘ரன் அப்’ கடனுக்கும் பில்லுக்கும், ஏற்றிவைப்பது. ‘ரன் ஆஃப்’ (இங்கேயும் இரண்டு ‘எஃப்’) காகிதத்தோடு வந்தால் பிரதி எடுப்பது, ‘வித்’ என்று ஒரு ஆளோடு வந்தால் கூட்டிக்கொண்டு ஓடிப்போவது.

வேலை ஒப்பந்தத்தில் ‘ரன்ஸ் ஃபார் டூ இயர்ஸ்’ என்று இருக்கிறது.

இரண்டு வருஷம் செல்லும். கூடவே ‘ரன்ஸ் ஃப்ரம்’ என்று ஒரு தேதி இருக்கும், அதைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தா, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா? ஊரிலேயே கையெழுத்துப் போட்டு, விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. விசா முடிவதற்கும் இதே சொல்தான்: ‘மை விசா ரன்ஸ் அவுட் இன் மார்ச்’.

ஒப்பந்தம் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது 1860 நவம்பர் 16. அந்தத் திட்டம் நடந்தது 1911 வரை, வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். ஆங்கிலத்தில் ‘த ஸ்கீம் ரேன் ஃப்ரம் 1860 டு 1911’ என்று எழுதுவார்கள். படிக்கும்போது அந்த ‘ரேன்’ மிக லேசாகத்தான் இருக்கிறது.

‘த டாப்ஸ் ரேன் ட்ரை’ என்று படித்தேன். குழாய் ஓடினால் தண்ணீர் வர வேண்டுமே?

‘ட்ரை’, ‘லோ’, ‘ஷார்ட்’ போன்றவை பின்னால் வந்தால் ‘ரன்’ ‘ஆகிவிடு’ என்ற பொருளுக்கு இறங்கிவிடும். குழாய் வறண்டுவிட்டது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோய், அந்தப் பக்கத்து வீடுகளில் மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீர். ‘ரன்னிங் வாட்டர்’ என்ற சொல்லின் மதிப்பை அப்போது எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். வாடகை வீட்டு விளம்பரத்தில் அது வந்தால் குழாய்த் தண்ணீர் வசதி உண்டு என்று பொருள். ‘லீவிங் த டாப் ரன்னிங்’ என்றால் திறந்தபடி விட்டுவிடுவது. சொட்டுவது வேறு, அது ‘ட்ரிப்’.

‘ரன், ரேன், ரன்’ எப்போது எது?

நேற்று நடந்ததற்கு ‘ரேன்’. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’, ‘வாஸ்’ முன்னால் நின்றால் மறுபடியும் ‘ரன்’. ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’ சரி, ‘ஹேஸ் ரேன் அவுட்’ தப்பு. உச்சரிப்பில் ‘ரேன்’ என்று நான் எழுதுவது மழைக்கான ‘ரெய்ன்’ இல்லை. ‘பேங்க்’, ‘பேட்’ என்னும்போது வாயை அகலத் திறக்கிறோமே, அந்த ஒலி. எழுத்தில் ‘ரன்னிங்’ என்பதற்கு இரண்டு ‘என்’.

தேர்தலில் ‘ரன்’ பண்ணுவது?

அது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் தேர்தலுக்கு ‘ஸ்டேண்ட்’. நாமும் தேர்தலில் நிற்கிறோம், ஓடுவதில்லை. இங்கே இரண்டும் காதில் விழும்.

சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவது ‘ரன் எ ரெட் லைட்’ தானே?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள், அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து விளக்குக்கு ‘ரோபோ’ என்று பெயர். தாண்டினால் ‘ஜம்ப்ட் த ரோபோ’, ‘ஸ்கிப்ட் த ரோபோ’. ‘ரன்’ போட்டாலும் போலீஸ்காரருக்குப் புரியும், அபராதம் ஒன்றுதான்.

ஒரு அலுவலகத்தில் மூன்று கவுன்ட்டருக்கு மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அதற்கும் ‘ரன்’ உண்டாமே?

‘தே கேவ் மி த ரன்அரவுண்ட்.’ அலைக்கழித்தார்கள், இழுத்தடித்தார்கள். அங்கேயே நின்று கவுன்ட்டரில் சொன்னால் காரியம் கெடும். வெளியே வந்து நண்பரிடம் சொல்வதற்கான தொடர் இது. உள்ளே சொல்ல வேண்டியது ‘ஹூ கேன் ஹெல்ப் மி வித் திஸ்?’

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தாத்தாவை ‘ரன்னர்’ என்றார்கள். அவரால் நடக்கவே முடியவில்லை.

ஃபாஃபி ஆட்டத்து ரன்னராக இருந்திருப்பார். சீனர்கள் கொண்டுவந்த எண் சூதாட்டம் அது. 1 முதல் 36 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உருவம். ராத்திரி கண்ட கனவில் என்ன வந்ததோ அதற்குரிய எண்ணில் பணம் கட்டுவார்கள். வீடு வீடாகப் பந்தயப் பணத்தை வாங்கி, ஆட்டத்தை நடத்துகிறவரிடம் சேர்ப்பிக்கிறவர் ரன்னர். நடத்துகிறவர் ‘ரன்ஸ் த கேம்’, எடுத்துப்போகிறவர் ‘ரன்னர்’. இரண்டு பேருமே ஓடுவதில்லை, போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பினால் தவிர.